தபால்தலை அளவு நேரலை: இணைப்பின் குறையா, மென்பொருளின் குறையா?

கெடிலக்கரை (கடலூர்):
மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு, திருமண மண்டபங்களிலிருந்து வெளிநாட்டு உறவினர்களுக்கு நேரலை அனுப்பும் தொழில் செய்கிறேன். அண்மையில் ஒரு வாடிக்கையாளர், 2002இல் பாரிசிலிருந்து இணையம் வழியாகப் பார்த்த நிச்சயதார்த்தத்தின் பதிவொன்றைக் கொடுத்து, அதைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டார். படம் தபால்தலை அளவே இருக்கிறது. மோதிரம் ஒரு நொடி தாம்பாளத்தில் இருக்கிறது, மறுநொடி விரலில் இருக்கிறது; இடையில் நடந்தது எதுவும் இல்லை. இதற்குத் தொலைபேசி இணைப்பின் வேகம் மட்டும்தான் காரணமா? முதன்முதலில் நேரலை செய்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

மிஷன் வீதி (புதுச்சேரி):
தம்பி, அக்காலத்தில் இங்கே பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். கணக்குப் போட்டாலே விளங்கிவிடும். 320க்கு 240 புள்ளிகள் கொண்ட வண்ணப் படத்தை நொடிக்கு 15 முறை சுருக்காமல் அனுப்ப ஏறக்குறைய 27.6 மெகாபிட் வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தைத் தந்த மோடம் கருவியோ ஏட்டளவிலேயே 56 கிலோபிட்தான் வாங்கும். ஐந்நூறு மடங்கு சுருக்கியாக வேண்டும். அதையே 160க்கு 120 ஆக்கி, நொடிக்கு 5 படம் என்று குறைத்துக்கொண்டால் நாற்பது மடங்கு சுருக்கினால் போதும். அந்த 56 கூட நம்மிடம் வரும் திசைக்கு மட்டுமே. நாம் அனுப்பும் திசையில் பெரும்பாலும் 33.6ஐத் தாண்டாது. நிச்சயதார்த்தத்தை அனுப்பியவரும் மோடம் வைத்திருந்தால், மோதிரம் தாவியதற்கு அதுவே முதல் காரணமாக இருந்திருக்கும்.

ரியல்பிளேயர் போன்ற அக்காலக் காணொளி மென்பொருள்கள் சில நொடிக் காட்சியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டும்; வரத்து குறைந்தால் கையிருப்பு தீர்ந்து படம் நின்றுவிடும். ‘பஃபரிங்’ நூறு விழுக்காடு ஏறும்வரை காத்திருந்து, சில நொடிகள் பார்த்து, மறுபடியும் காத்திருந்தவர்களிடம் மணிக்கணக்கில் காசு வாங்கியிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

லாஸ்பேட்டை ஆசிரியர்:
ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் அது பார்ப்பவர் வீட்டுக் கம்பியின் கணக்கு மட்டுமே. பலர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் கேமரா வைத்துக் காட்டிய காப்பிக் குடுவையிலிருந்து நேரலையின் வரலாற்றைத் தொடங்குவார்கள். 1993இல் வலையேறிய அது அவ்வப்போது மாறும் கறுப்பு வெள்ளை நிழற்படமேயன்றிக் காணொளி அன்று. அதே ஆண்டு ஜூன் 24 அன்று, கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பொறியாளர்கள் சேர்ந்து நடத்திய ‘சிவியர் டயர் டேமேஜ்’ என்ற இசைக்குழு, 152க்கு 76 புள்ளி அளவில், நொடிக்கு 8 முதல் 12 படங்களாகத் தன் கச்சேரியை நேரலையில் அனுப்பியது; ஆஸ்திரேலியாவிலும் அதைப் பார்த்தார்கள். 1994 நவம்பர் 18 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் டல்லஸ் கச்சேரியில் இருபது நிமிடங்களை இணையத்தில் விட்டபோது, இந்தக் குழு யாரும் அழைக்காமலேயே முன்னதாகத் தோன்றி வாசித்துவிட்டது!

இவை இரண்டும் சென்ற வழி ‘எம்போன்’ எனப்பட்ட பலமுனைப் பரப்பு. கோயில் ஒலிபெருக்கியைப் போல அனுப்புபவர் ஒரு முறை அனுப்பினால் போதும். வழி பிரியும் இடத்தில் மட்டும் வலையமைப்பே பிரதி எடுத்துக்கொள்ளும்.

கெடிலக்கரை:
அவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் நிலைக்கவில்லை?

லாஸ்பேட்டை ஆசிரியர்:
வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் அதற்கு இசைய வேண்டும். இணையச் சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் அதைத் திறந்துவிடவில்லை. ஆகவே, ஆளுக்கொரு பிரதி அனுப்பும் முறையே நிலைத்தது. நொடிக்கு 34 கிலோபிட் செல்லும் நேரலையை ஆயிரம் பேர் பார்த்தால், அனுப்பும் சர்வருக்கு 34 மெகாபிட் வேண்டும்; அன்று அது பெரிய செலவு. பிற்பாடு, காட்சியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டிச் சாதாரண வலைப்பக்கக் கோப்பைப் போலவே வழங்கும் முறை பரவியது. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். அவ்வகையைச் சேர்ந்தது; நீங்கள் இன்று அனுப்பும் திருமணங்களும் பெரும்பாலும் இப்படித்தான் போய்ச் சேர்கின்றன. உங்கள் வாடிக்கையாளரின் பதிவைப் பொறுத்தவரை, அன்று அனுப்பப்படாத படங்களை இப்போது மீட்க வழியில்லை. இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்காமல் கொடுத்துவிடுங்கள்.