ராஸ்பெரி பையை ஆக்செஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) ஆக்கினேன், போனுக்கு ஐபி வரமாட்டேன் என்கிறது

மாடிவீடு:
ரவுட்டர் கீழே ஹாலில், மாடி அறைக்கு சிக்னல் வருவதில்லை. சும்மா கிடந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில் புக்வார்ம் (அதன் லினக்ஸ் இயங்குதளப் பதிப்பு) போட்டு, ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துச் செருகி, பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து ஹோஸ்ட்ஏபிடி (வைஃபை பரப்புவது), டிஎன்எஸ்மாஸ்க் (போனுக்கு ஐபி கொடுப்பது) இரண்டையும் நிறுவினேன். போனில் வைஃபை பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டையும் ஏற்கிறது, அப்புறம் ஐபி முகவரி கிடைக்காமல் அப்படியே நிற்கிறது. பையின் வைஃபைக்கு முகவரியாக டிஎச்சிபிசிடி என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் 192.168.4.1 கொடுத்துதான் இருக்கிறேன். எங்கே பார்ப்பது?

கட்டளைவரி:
பாஸ்வேர்டை ஏற்கிறது என்றால் ஹோஸ்ட்ஏபிடி சரியாக ஓடுகிறது, அதை விடுங்கள். 2023 அக்டோபரில் வந்த புக்வார்மிலிருந்து நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல்தான் இணைப்பு வேலை எல்லாவற்றையும் பார்க்கிறது, நீங்கள் எழுதிய டிஎச்சிபிசிடி கோப்பை யாரும் படிப்பதே இல்லை. வைஃபைக்கே முகவரி இல்லாதபோது டிஎன்எஸ்மாஸ்க் போனுக்கு எதைக் கொடுக்கும்? ஹோஸ்ட்ஏபிடி, டிஎன்எஸ்மாஸ்க் இரண்டையும் நீக்கிவிட்டு, நெட்வொர்க் மேனேஜரின் என்எம்சிஎல்ஐ கட்டளையில் ஹாட்ஸ்பாட் உருவாக்குங்கள், பெயரும் குறைந்தது 8 எழுத்துள்ள பாஸ்வேர்டும் போதும். பைக்கு 10.42.0.1 எடுத்துக்கொண்டு, டிஎச்சிபி (போனுக்கு ஐபி கொடுப்பது), நேட் (போன்களைப் பையின் ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்து இணையம் தருவது) எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆட்டோகனெக்டை மட்டும் நீங்கள் ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் கரன்ட் போய் வந்ததும் ஹாட்ஸ்பாட் வராது.

மாடிவீடு:
வந்துவிட்டது, நன்றி! ஆனால் கீழே இருக்கும் பிரிண்டர் மாடியிலிருந்து போனில் தெரியவில்லை.

பாலம்போடு:
நேட் போட்டால் அப்படித்தான், மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். கேபிள் இருக்கும்போது நேட் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. ஒரு பிரிட்ஜ் (இரண்டு இணைப்பையும் ஒரே நெட்வொர்க்காக்கும் பாலம்) உருவாக்கி, ஈதர்நெட்டையும் ஹாட்ஸ்பாட்டையும் அதற்குள் சேர்த்துவிடுங்கள், போனுக்கு ரவுட்டரே நேரடியாக ஐபி கொடுக்கும், பிரிண்டரும் தெரியும். எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வேறு கணினியிலிருந்து பைக்குள் நுழைந்து செய்தால் பாதியில் இணைப்பு அறுந்து, பையின் ஐபியும் மாறலாம், அதனால் மானிட்டர், கீபோர்டு மாட்டிக்கொண்டு உட்காருங்கள். பைக்கு இணையம் வைஃபை வழியாக வருபவர்கள் இதை முயல வேண்டாம், கிளையன்ட்டாக (ரவுட்டரோடு இணைந்து) இருக்கும் வைஃபையைச் சாதாரணமாக பிரிட்ஜில் சேர்க்க முடியாது. அவர்களுக்கு நேட்தான்.

கட்டளைவரி:
சரிதான், பிரிண்டர் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் :)

மாடிவீடு:
பிரிட்ஜ் போட்டாச்சு, பிரிண்டர் வந்துவிட்டது. வேகம்தான் சுமார்.

பழையடப்பா:
பையின் ஆன்டெனா போர்டிலேயே இருக்கும் சின்ன ஆன்டெனா, உலோகப் பெட்டிக்குள் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். வைஃபை நாட்டை இந்தியா என்று அமைத்துவிட்டு, பேண்டை 5 கிகாஹெர்ட்ஸ், சேனலை 36 என்று மாற்றிப் பாருங்கள், ஒரே அறைக்கு நன்றாக இருக்கும், சுவர் தாண்டினால் 2.4 தான் மேல். யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்குவதாக இருந்தால் லினக்ஸில் ஏபி (ஆக்செஸ் பாயின்ட்) மோடு வருகிற சிப்பா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மாட்டியபின் ஐடபிள்யூ லிஸ்ட் கட்டளை கொடுத்தால் ஆதரிக்கும் மோடுகளில் ஏபி இருக்கிறதா என்று தெரியும். இரண்டு மூன்று போனுக்கு பை தாங்கும், வீடு முழுக்க டிவியும் லேப்டாப்புமாக ஓடப்போகிறது என்றால் தனி ஆக்செஸ் பாயின்ட் வாங்கிவிட்டு பையை வேறு வேலைக்கு விடுங்கள்.