பழைய பத்மினி டோர் பீடிங் மடங்கிப்போச்சு, நேராக்க முடியுமா?

தக்கலைக்காரன்:
அண்ணன்மாரே ஒரு உதவி. வீட்டுல 89 மாடல் பிரீமியர் பத்மினி நிக்கு, அப்பா வாங்குனது, இப்பமும் மார்த்தாண்டம் வரைக்கும் ஓட்டுவோம். போன வாரம் சந்தைப்பக்கம் நிப்பாட்டியிருந்தப்பம் ஒரு டெம்போக்காரன் ஒரசிட்டுப் போயிட்டான். பெயிண்டு பெருசா போகல, ஆனா டிரைவர் சைடு டோர்ல நீளத்துக்கு ஓடுற வெள்ளி நிற அலங்காரப் பட்டை, அதான் பீடிங், முன் முனையில நாலு விரக்கடை நீளத்துக்கு வெளிய வளைஞ்சு, அதுக்குப் பின்னால ஒரு எடத்துல சுளுக்குன்னு மடங்கி நிக்கு. டோர தொறந்தா முனை பெண்டர்ல, அதான் முன் சக்கரத்துக்கு மேல உள்ள தகட்டுல, இடிக்கி. தகடு வேலை பாக்குற டிங்கர் ஒருத்தர் கழட்டி எறிஞ்சிட்டு ஒட்டுற குரோம் பட்டை போடுண்ணு சொல்லுகாரு, எனக்கு மனசு வரல. நேராக்கலாமா, இல்ல பெவிகுவிக் போட்டு அமுக்கி வச்சா நிக்குமா?

குளச்சல் காத்து:
பெவிகுவிக்கா, ஏ மக்கா! வெயில்லயும் டோர் அடிக்கிற அடியிலயும் ரெண்டே நாள்ல விட்டுரும், விடும்போது பெயிண்டையும் உரிச்சிட்டு வரும். அதத் தொடாண்டாம்.

கோட்டாறு பழைய வண்டி:
தம்பி, முதல்ல அது என்ன உலோகம்ணு பாரு. காந்தம் ஒட்டுனா எவர்சில்வரோ குரோம் பூசுன இரும்போ, அலுமினியம் இல்ல. ஒட்டலண்ணா அலுமினியம்ணு முடிவு பண்ணிராத, காந்தம் பிடிக்காத எவர்சில்வரும் உண்டு. கழட்டுனப்புறம் உள்பக்கம் கத்தி முனையால ஒரு கீறு கீறிப் பாரு, ஈசியா கோடு விழுந்தா, கையில தூக்குனா கனமே இல்லண்ணா அலுமினியம்.

கழட்டுறதுலதான் முக்காவாசிப் பேரு கெடுக்கது. வளைஞ்ச முனையப் பிடிச்சு இழுக்கப்படாது. சில பட்டையில முனையில போல்ட் வச்ச கிளிப் இருக்கும், நட்டு டோருக்கு உள்ளுக்க கிடக்கும், அதுக்கு டோரோட உள்பக்கத்த மூடியிருக்க அட்டைய, அதான் டிரிம் போர்ட, எடுக்கணும். அது தெரியாம இழுத்தா பீடிங் கிழியும், இல்லண்ணா டோர் தகடு ஓட்டையோட வரும். பெயிண்டு மேல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, பிளாஸ்டிக் ஆப்பு வச்சு ஒவ்வொரு கிளிப்புக்குப் பக்கத்துலயும் பைய நெம்பு. ஸ்குரூடிரைவர் ஆகாது.

தக்கலைக்காரன்:
அண்ணே கழட்டியாச்சு. நீங்க சொன்ன மாதிரியே முன்னால நட்டு இருந்துது, துருப்பிடிச்சு சுத்தவே மாட்டேன்னுது, எண்ணெ விட்டு ராத்திரி முழுக்க போட்டு வச்சு காலையில எடுத்தேன். காந்தம் ஒட்டல, கத்தி கீறு விழுது, கனமும் இல்ல. அலுமினியம்தான். ஓரமா வெள்ளப்பொடி பூத்துக் கிடக்கு.

கோட்டாறு பழைய வண்டி:
அப்பம் அவசரப்படாத. அலுமினியத்த அங்கயும் இங்கயும் மாத்தி மாத்தி வளைச்சா மடிப்புலயே வெடிச்சிரும். ஒரே போக்குல கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வரணும். நல்ல பக்கத்து டோர் பீடிங்க கழட்டாமலே அளவு பாரு, அட்டையில அந்த வளைவ வெட்டி வச்சுக்க, இது எங்க ஒத்துவரலண்ணு அத வச்சு தெரியும். பீடிங்குக்கு உள்ளுக்க சரியா உக்காருற மாதிரி அயினி மரத்துல ஒரு துண்டு செதுக்கி, வெளிப்பக்கம் கீழ வர்ற மாதிரி பழைய துணி மேல வச்சு, அந்த மரத்த உள்ள குடுத்து சின்ன சுத்தியலால தட்டு. பள்ளத்தோட நடுவுல ஓங்கி அடிச்சா தகடு நீண்டு வெளிய புடைச்சிரும், ஓரத்துலருந்து நடுவுக்கு வா. கிளிப் பிடிக்கிற ரெண்டு உதடும் கடைசியில குறடு வச்சு, குறட்டு வாயில தோல் துண்டு சுத்திக்கிட்டு நேராக்கணும்.

பளபளப்புக்கு மேல ஒரு ஆனடைஸ் படலம், அதான் அலுமினியத்த காக்க ஏத்துன மெல்லிசு தோல், இருக்கும், மடிப்பு எடத்துல அது நூல் நூலா வெடிச்சுத்தான் தெரியும். அது தட்டுனா போவாது. பாத்திரம் தேய்க்க சோடாவோ காரச் சோப்புப்பொடியோ போட்டுறாத, படலத்த தின்னுரும். உப்புத்தாள் போடுறதுண்ணா முழுப் பட்டைக்கும் 400, 800, 1500, 2000 நம்பர் தாள்ணு வரிசையா போட்டு பாலிஷ் பண்ணணும், ஒரு எடம் மட்டும் தேச்சா அது மட்டும் வேற நிறமா நிக்கும். நாலடி தள்ளி நிண்ணு பாத்து சரியா இருந்தா விட்டுரு.

சுங்கான்கடை மெக்கானிக்:
மடிப்பு ரொம்ப இறுகிருந்தா எங்க ஆசான் ஒரு வேலை செய்வாரு: அந்த எடத்துல துணிசோப்ப தேச்சு, கேஸ் டார்ச்ச தூரமா காட்டி, சோப்பு காப்பி நிறம் ஆனதும் நிப்பாட்டி ஆறவிட்டா உலோகம் இளகிரும். ஆனா மினுமினுப்பு அங்கண போயிரும், வேற வழி இல்லண்ணா மட்டும் செய். எவர்சில்வருக்கு டார்ச் காட்டவே கூடாது, நீலம் பாஞ்சிரும்.

குளச்சல் காத்து:
அந்த வெள்ளப்பொடிய யாரும் கண்டுக்கல. அலுமினியமும் இரும்பு கிளிப்பும் ஒட்டிக் கிடக்க எடத்துல உப்புத்தண்ணி பட்டா அலுமினியந்தான் முதல்ல கரையும், எங்க ஊர் கடக்காத்துல நிக்க வண்டி எல்லாத்துலயும் இதான் கதை. கிளிப் ஓட்டை ஓரத்துல துருவ சுரண்டி பிரைமர், டச்சப் பெயிண்டு அடிச்சு காயவிட்டு, கிளிப்ப மெழுகுல முக்கி மாட்டு. என்னக் கேட்டா பீடிங்க விட இதுதான் முக்கியம், பீடிங் கோணலா இருந்தா வண்டி ஓடும், டோர் தகடு அரிச்சா நீ டிங்கர் கையிலதான் போயி நிக்கணும்.

தக்கலைக்காரன்:
ரெண்டு ஓட்டைய சுத்தி துரு இருக்குதான் அண்ணே. ஒரு கிளிப் உடைஞ்சும் போச்சு, எங்க கிடைக்கும்?

கோட்டாறு பழைய வண்டி:
பழைய ஸ்பேர் கடையில உடைஞ்சதக் கொண்டு போய் காட்டு, பேரு சொல்லிக் கேட்டா வேற என்னத்தயாவது தருவான். இங்க இல்லண்ணா சென்னை புதுப்பேட்டையில யாராவது தெரிஞ்சவங்கள வச்சு தேடு. மாட்டும்போது பின்னாலருந்து முன்னால வா, முன் நட்ட கடைசியா இறுக்கு, அதுக்கு முன்னாடி டோர ஒருக்கா தொறந்து முனை பெண்டர்ல தட்டுதாண்ணு பாத்துக்க.