பறக்கும் டாக்டர் விமானத்தை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செம்மண்தூசி (அடிலெய்ட்)

ரூட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆஸ்திரேலிய உள்நாட்டு மண் ரோடு, மாரீயிலிருந்து பேர்ட்ஸ்வில், 517 கிலோமீட்டர். ஏழு பேர், ஏழு சிவப்பு போஸ்டி பைக், தபால்காரர் ஓட்டுற சின்ன வண்டி. ஆஸ்பத்திரி இல்லாத உள்நாட்டுக்கு விமானத்தில் போய் வைத்தியம் பார்க்கிற பறக்கும் டாக்டர் சேவைக்குப் பணம் திரட்டத்தான் கிளம்பினோம். டிஷர்ட்டில் விமானப் படம், வழியில் இருக்கிற பப் ஒவ்வொன்றிலும் உண்டியல் குலுக்கல்.

வழியில் இருக்கிற மங்கரேனி தாண்டி ஒரு மணி நேரம் இருக்கும். முன்னால் போன கூட்டாளி புல்டஸ்ட்டில், அதான் பள்ளத்தை மூடிக் கிடக்கிற நைஸ் தூசியில், மாட்டினான். மைதா மாவு மாதிரி கிடக்கும், அடியில் எவ்வளவு பள்ளம்னு தெரியாது. முன்சக்கரம் புதைஞ்சு ஆளைத் தூக்கி எறிஞ்சுடுச்சு. தொடை எலும்பு. பூட்ஸ் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

சாட்டிலைட் போனில் டாக்டர் சொல்லச் சொல்ல, பக்கத்து மாட்டுப் பண்ணை அம்மா யூட்டில் (பின்னால் திறந்த வண்டி) மெத்தை போட்டு வந்து ஏத்திக்கிட்டாங்க. பக்கம்னா 30 கிலோமீட்டர். பண்ணையில் பறக்கும் டாக்டர் சேவையோட மருந்துப் பெட்டி இருந்தது, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். டாக்டர் எண்ணை மட்டும் சொன்னார், அந்தம்மா அந்த எண் ஒட்டின மருந்தை எடுத்தாங்க. பேரைக் கேக்கவே இல்ல.

அதுக்குள்ள இருட்டிடுச்சு. டாய்லெட் ரோலை டீசலில் முக்கி, பால்பவுடர் டின்னில் வெச்சு ஓடுதளம் நெடுக ரெண்டு வரிசை. நான் ஒவ்வொண்ணா கொளுத்திக்கிட்டே ஓடுறேன். அந்தம்மா ஹாரன் அடிச்சுக்கிட்டே யூட்டை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓட்டி கங்காருவை விரட்டுறாங்க. என் ஜாக்கெட்டுக்குள்ள உண்டியல் சில்லறை சலங்கை மாதிரி சத்தம் போடுது. யாருக்குன்னு வசூல் பண்ணினோமோ அவங்களையே ராத்திரியில வரவழைச்சுட்டோமேன்னு வெக்கமா இருந்தது.

அவங்களோட பிலேட்டஸ் விமானம் இறங்கிச்சு. நர்ஸ் மண்டி போட்டு அவன் கழுத்தைத் தடவிப் பாத்துட்டு நிமிர்ந்தாங்க. "ஹெல்மெட்டைக் கழட்டினது யாரு?"

நான்தான். மூச்சு முட்டுதோன்னு பயந்து, விழுந்த நிமிஷமே உருவிட்டேன். "நான்" என்றேன். அவங்க ஒண்ணும் சொல்லல. எதையோ எழுதிக்கிட்டு, கழுத்துப் பட்டையை மாட்டினாங்க. கொஞ்ச நேரத்துல கதவு மூடிடுச்சு.

கழுத்துக்கு ஒண்ணும் ஆகல, இப்ப நல்லா நடக்கிறான். மூணு வருஷம் ஆச்சு. அந்தக் கேள்விதான் போகமாட்டேங்குது.

ஒத்தையடி (பெர்த்)

நான் விமானத்தைப் பாக்கல, அது இறங்குற இடத்தைப் பாத்தேன். நல்லர்பார் வெட்டவெளியில் ஐர் ஹைவேயே சில இடத்துல ரன்வே ஆகும் இல்லையா, ரோட்டுல பியானோ கட்டை மாதிரி வெள்ளைப் பட்டை போட்டிருப்பாங்களே, அங்க. கைகூனா பக்கம். ரெண்டு திசையிலும் வண்டி இல்ல. பைக்கைக் குறுக்கே நிறுத்தி, நானும் அந்தப் பட்டை மேல மல்லாந்து படுத்து டைமர் வெச்சு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன்.

ஒரு கேரவன் வந்து நின்னுச்சு. திட்டப் போறாங்கன்னு எந்திரிச்சேன். எழுபது வயசுப் பாட்டி. கண்ணாடியை இறக்கி, "என் வீட்டுக்காரரை இங்கேருந்துதான் தூக்கிட்டுப் போனாங்க" என்றார். பக்கத்து சீட்டில் ஒரு நாய் பெல்ட் போட்டு உக்காந்திருந்தது. பிழைச்சாரான்னு எனக்குக் கேக்க வாய் வரல, அவரும் சொல்லல. போட்டோவை அழிச்சுட்டேன்.

டயர்பிரஷர் (சிட்னி)

@செம்மண்தூசி, தப்பா எடுத்துக்காதீங்க, ஹெல்மெட்டைக் கழட்டவே கூடாது. முதலுதவி வகுப்பு போயிருந்தா இது தெரிஞ்சிருக்கும். அப்புறம், சாட்டிலைட் போன் ஒண்ணை மட்டும் நம்பிப் போறது தப்பு. ஆளுக்கொரு பிஎல்பி, அதான் ஆபத்துல அழுத்தினா இருக்கிற இடத்தை மீட்புக்காரங்களுக்குச் சொல்ற சின்னக் கருவி, வேணும், பையில இல்ல, உடம்புல. வண்டி ஒரு பக்கம் கிடக்கும், நீங்க ஒரு பக்கம் கிடப்பீங்க. வாங்கினா மட்டும் போதாது, பதிவு பண்ணணும், அதுக்குக் காசு கிடையாது, அப்படியும் பாதிப் பேர் பண்றதில்ல. மெசேஜ் அனுப்பி வாங்குற கருவி இருந்தா இன்னும் நல்லது, என்ன அடின்னு சொல்லலாம், பிஎல்பி அதைச் சொல்லாது. யுஎச்எஃப் ரேடியோவில் லாரிக்காரங்க பேசுற சேனல் 40 காதுல இருக்கட்டும், ரோட் ட்ரெயின் (பல டிரெய்லர் இழுக்குற நீள லாரி) வர்றது தெரியும். தண்ணி ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டர். பொழுது சாயுறதுக்கு முன்னாடி டென்ட் அடிச்சுடணும், அதுக்கப்புறம் ரோடு கங்காருவுக்குச் சொந்தம். புல்டஸ்ட்டில் எந்திரிச்சு நின்னு ஓட்டணும், பிரேக்கைத் தொடக்கூடாது. இன்னொண்ணு, உண்டியல் குலுக்குறதெல்லாம் சும்மா ஷோ. அரசாங்கமே பணம் தருது.

என் அனுபவம்: வில்லியம் கிரீக் பக்கம் ரெண்டு பங்க்சர். விமானம் தேவைப்படல.

பனங்கொட்டை (மெல்பன்)

தம்பி டயர்பிரஷர், அந்த அண்ணை உம்மட்டப் புத்தி கேட்டவரே? மூண்டு வருசமா நித்திரை இல்லாமக் கிடக்கிற மனுசனுக்குத் தண்ணிக் கணக்குச் சொல்லுறீர்.

உண்டியல் ஷோ எண்டீர். அரசாங்கம் குடுக்குது, ஓம். ஆனா விமானம் வாங்குறதுக்கும் உள்ளுக்குப் பூட்டுற சாமானுக்கும் சனத்தின்ர காசு நிறையப் போகுது. ஒண்டு சொல்லுறன் கேளும். நாங்கள் குயின்ஸ்லாந்தில இருக்கிற குளொன்கரிக்கு பைக் ஓடினனாங்கள். 1928 மே 17ஆம் திகதி இந்தச் சேவையின்ர முதல் பறப்பு அங்க இருந்துதான் ஜூலியா கிரீக்குக்குப் போனது, குவாண்டாஸிட்ட வாடகைக்கு எடுத்த ஒற்றை எஞ்சின் விமானத்தில. அந்தப் பக்கத்துப் பப் ஒண்டில உண்டியலை மேசையில வச்சன். கிழவன் ஒருத்தர், மாடு மேய்ச்ச ஆள், வலக்கையில மூண்டு விரல் இல்லை. இருபது டொலர் தாளை எடுத்து, இந்தச் சேவையைத் தொடங்கின ஜோன் ஃபிளின்ர முகம் தெரியிற மாதிரித் தடவி விரிச்சார். "மிச்சம் ரெண்டும் இந்தாளாலதான்" எண்டு சொல்லி, அந்த ரெண்டு விரலாலயே தாளை நாலா மடிச்சு உள்ளுக்கு விட்டார். பிறகு எங்களைத் திரும்பியும் பாக்கேல்ல, பியரைக் குடிச்சுக்கொண்டிருந்தார்.

ஷோவாம்.

டயர்பிரஷர் (சிட்னி)

நல்லது சொன்னா இப்படித்தான். எண்ணி வெச்சுக்கோங்க, பிஎல்பி பத்தி நான் சொன்னதுல ஒரு தப்பு காட்டுங்க பாப்போம்.

வெள்ளைச்செருப்பு

பிஎல்பி சரி. ஹெல்மெட் தப்பு.

நான் உள்நாட்டுக் கிளினிக் ஒண்ணுல ரெண்டு வருஷம் நர்ஸா இருந்தேன். விமானம் வர்ற வரைக்கும் நோயாளியோட உக்காந்திருக்கிறது என் வேலை. மூச்சு சரியா இருந்தா ஹெல்மெட்டை விட்டுடணும். மூச்சு அடைக்குதுன்னா கழட்டித்தான் ஆகணும், ஒருத்தர் கழுத்தை அசையாம பிடிச்சுக்க, இன்னொருத்தர் உருவணும். "கழட்டவே கூடாது" என்பதைப் படிச்சுட்டு நாளைக்கு ஒருத்தர் மூச்சு நின்ன ஆளைச் சும்மா பாத்துக்கிட்டு நிப்பார்.

செம்மண்தூசி அண்ணா, அந்தக் கேள்வியை நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். யார், எப்போ, எப்படி கழட்டினாங்கன்னு தெரிஞ்சா கழுத்து அசைஞ்சிருக்குமான்னு புரியும். குறிப்புல எழுதி ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும். எஞ்சின் சத்தத்துல கத்திக் கேப்போம், அதட்டல் மாதிரிதான் கேக்கும்.

ஆனா ஒரு தடவை நான் உண்மையிலேயே கோவத்தோடதான் கேட்டேன். அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயசு இருக்கும். அவன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

செம்மண்தூசி (அடிலெய்ட்)

நன்றிம்மா. அதட்டலா இல்லையான்னு யோசிச்சுப் பாத்தேன். சொல்லத் தெரியல.

இத்தனை நாள் அவன்கிட்ட இதைப் பத்திப் பேசினதே இல்ல. நேத்து உங்க பதிலைப் படிச்சுட்டு போன் போட்டேன். "என்னடா உளர்ற, ஹெல்மெட்டை நானேதான் கழட்டினேன், நீ அப்ப பைக்கை நிமிர்த்திக்கிட்டு இருந்த" என்கிறான்.

அந்தக் கொக்கியை விடுவிச்சது என் விரல்ல இன்னும் இருக்கு. அவன் பொய் சொல்றான்னுதான் நினைக்கிறேன்.