ரொறன்ரோவிலிருந்து வரவிருக்கும் பழைய ஹமண்ட் ஓர்கன்: எடுப்பதா, டிஜிட்டலை வாங்குவதா?

உவர்மலை:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவிற்குப் பல ஆண்டுகளாகக் கீபோர்ட் வாசித்து வருகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணர், அங்கே ஓர் ஆலயத்தில் வாசிக்க ஆளின்றி மூடிக் கிடக்கும் ஹமண்ட் எம்-3 என்னும் பழைய மின் ஓர்கன் ஒன்றைக் கப்பலில் அனுப்பி வைப்பதாகச் சொல்கிறார். அதன் எடை நூறு கிலோவைத் தாண்டும். கப்பற் கூலியையும் துறைமுகச் செலவையும் கூட்டிப் பார்த்தால், ஒன்பது ட்ரோபார்களுடன் (ஒலியின் நிறத்தை மாற்ற இழுத்தும் தள்ளியும் வைக்கும் கம்பிகள்) கூடிய நல்ல டிஜிட்டல் ஓர்கன் ஒன்றின் விலையில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்.

அண்ணர் வீட்டுக்குப் போயிருந்தபோது, லெஸ்லி என்னும் சுழலும் ஸ்பீக்கருடன் இணைத்த ஹமண்ட் பி-3 ஒன்றை ஒரு கிழமை முழுவதும் வாசிக்கக் கிடைத்தது. ஸ்டார்ட் ஆளியைச் சில விநாடிகள் பிடித்திருந்து, உள்ளே சக்கரங்கள் வேகமெடுக்கும் ஓசையைக் கேட்ட பிறகே ரன் ஆளியைப் போட வேண்டும். பிறகு முதல் மூன்று ட்ரோபார்களை முழுவதும் இழுத்துவிட்டு ஒரு கீதத்தை வாசித்தபோது, காலடியிலிருந்த மரப்பலகைகூட அதிர்ந்தது. இங்கே நான் வாசிக்கும் சாதாரணக் கீபோர்டிலும் "ஓர்கன்" என்றொரு ஒலி இருக்கிறது. ஆனால் அதில் ஒலி தொடங்கியபின் அதன் நிறத்தைக் கையால் மாற்ற வழியில்லை. பழையதை எடுப்பதா, அந்தப் பணத்தில் புதியதை வாங்குவதா? இரண்டையும் வாசித்தவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய கட்டை:

தம்பி, ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் முதலில் அந்த ஓர்கனின் பின்புறத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணரிடம் கேளுங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 அலைவுகள். நமக்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றளவை ஒரு ட்ரான்ஸ்போமர் குறைத்துத் தந்துவிடும், ஆனால் ஹேர்ட்ஸை எந்த ட்ரான்ஸ்போமரும் மாற்றாது. மற்றப் பொருட்களில் இது பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். ஹமண்டிலோ சுருதியே அந்த ஹேர்ட்ஸில்தான் தங்கியிருக்கிறது.

1935இல் விற்பனைக்கு வந்த முதல் ஹமண்டிலிருந்து எம்-3 வரை அடிப்படை அமைப்பு ஒன்றுதான்: மின்வலையின் அதிர்வோடு ஒத்துச் சுழலும் ஒரு மோட்டார், ஒரு தண்டு, பற்சக்கரங்கள் வழியாகப் பல உலோகச் சக்கரங்களைச் சுழற்றுகிறது, ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பும் தன் எதிரேயுள்ள காந்தச்சுருளில் ஒரு சுரத்தை உண்டாக்குகிறது. பி-3இல் அத்தகைய சக்கரங்கள் 91 இருக்கின்றன. 60 ஹேர்ட்ஸில் தண்டு நிமிடத்திற்கு 1200 முறை சுழலும்போது ஏ என்னும் சுரம் 440 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. அதே ஓர்கனை 50 ஹேர்ட்ஸில் ஓட்டினால் தண்டின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, அதே ஏ ஏறத்தாழ 366.7 ஹேர்ட்ஸில், எஃப் ஷார்ப்புக்கும் சற்றுக் கீழே, ஒலிக்கும். மூன்று கட்டை மேலே தள்ளி வாசிக்கலாமே என்று தோன்றும். அப்படி வாசித்தாலும் அரைச்சுரத்தின் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருதி தாழ்ந்தே நிற்கும். பக்கத்தில் கிற்றார் வாசிப்பவரோ புல்லாங்குழல் ஊதுபவரோ அதைத் தாங்கமாட்டார்கள். சாதாரண கீபோர்டைப்போல இதில் சுருதியைத் திருத்தும் திருகும் கிடையாது.

இதற்குத் தீர்வே இல்லை என்று சொல்லவில்லை. மின்கலத்தின் மின்சாரத்தை 60 ஹேர்ட்ஸில் தூய சைன் அலையாக (சீரான அலையாக) மாற்றித் தரும் இன்வேர்ட்டர் ஒன்றை மின்கலத்துடன் இணைத்து, முழு ஓர்கனையும் அதிலிருந்தே ஓட்டலாம். ஹேர்ட்ஸ் அங்குமிங்கும் அலையாத நல்ல இன்வேர்ட்டராக இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 50 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கென்றே செய்யப்பட்ட ஓர் ஓர்கனை, 2022இல் மின்வெட்டு நாள்தோறும் மணிக்கணக்கில் நீண்ட காலத்தில், ஒரு மணவிழாவில் சிறிய ஜெனரேற்றரில் ஓட்டி வாசித்தேன். மண்டபத்தில் யாரோ மின்விசிறிகளைப் போட்டார்கள். ஜெனரேற்றர் ஒரு கணம் தளர்ந்தது, மணமகள் உள்ளே வரும் நேரத்தில் பாட்டே கீழே சரிந்தது. பாடியவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எம்-3 1955 முதல் 1964 வரை செய்யப்பட்டது. அக்காலத்து மெழுகுக் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்) முதுமையில் மதிப்பு மாறி மேல்சுரங்களை மங்கச் செய்யும். தாங்கிகளுக்கு எண்ணெயை நூல்களே கொண்டு செல்வதால், ஆண்டுக்கொருமுறை அதற்கான எண்ணெயை ஊற்ற வேண்டும். இவற்றைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை நம் ஊரில் நான் இதுவரை காணவில்லை.

நிலாவெளி இசை:

ஐயா சொன்னதோடு நம் காலநிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்றில் மரம் காய்ந்து வாய் பிளக்கும், மாரியில் ஊதிவிடும், கடலுப்பு எல்லா உலோகத்திலும் படியும். ஹமண்டில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே பல தொடுமுனைகள் இருக்கின்றன; தூசியோ துருவோ படிந்தால், எந்த முனை தொடவில்லையோ, அந்தக் கட்டையின் ஒலியில் அது சேர்க்கும் பகுதி மட்டும் மௌனமாகிவிடும்.

நான் ஏழு ஆண்டுகளாக டிஜிட்டல் ஓர்கன் வாசிக்கிறேன். ஒருகாலத்தில் குறையென்று கருதப்பட்ட, கட்டையை அழுத்தும்போது எழும் தட்டொலியையும், பக்கத்துச் சக்கரங்களிலிருந்து கசியும் மெல்லிய ஓசையையும் இன்றைய கருவிகள் கணித்தே உருவாக்குகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பல தருணங்களில் என்னால் வேறுபடுத்த முடியவில்லை. பின்தங்குவது லெஸ்லிதான். உண்மையான லெஸ்லியில் உயர்சுரங்களை ஒலிக்கும் கொம்பு வேகநிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 முறையும் மெதுநிலையில் ஏறத்தாழ 40 முறையும் சுழல்கிறது, கீழேயுள்ள உருளை தன் எடையால் சற்றுத் தாமதித்தே வேகம் பிடிக்கிறது, ஒலி சுவரெல்லாம் பட்டுத் திரும்பி வருகிறது. டிஜிட்டல் லெஸ்லியை ஆலயத்தின் ஒலிபெருக்கியில் ஒற்றைத் தடமாகக் கொடுத்தால் அந்தச் சுழற்சி வெறும் நடுக்கமாகச் சுருங்கிவிடும். இரண்டு ஸ்பீக்கர்களைப் பாடகர் குழுவின் இருபுறமும் வைத்து, இரு தடமாகவே கொடுத்துப் பாருங்கள். கருவியைக் குறை சொன்ன பலர் ஸ்பீக்கரைத்தான் தவறாக வைத்திருந்தார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

உவர்மலை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணர் தகட்டைப் படமெடுத்து அனுப்பினார். 117 வோல்ற், 60 சைக்கிள் (அதாவது 60 ஹேர்ட்ஸ்) என்றே பொறித்திருக்கிறது. இன்வேர்ட்டரும் மின்கலமும் வாங்கலாம், ஆனால் பழுதுபார்க்க ஆளில்லாத ஊரில் அந்த ஓர்கன் ஒரு மாரியோடு வாய்மூடிப் போவதைப் பார்க்க எனக்கு மனம் வராது. அங்கேயே அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடும்படி நேற்றிரவு அண்ணரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

டிஜிட்டல் ஓர்கனையே வாங்கப் போகிறேன். நிலாவெளி அவர்கள் சொன்னபடி இரண்டு ஸ்பீக்கர்களை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆலயத்தில் ஒன்றுதான் இருக்கிறது. மார்கழி ஒத்திகை தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதுக்கு மட்டும் இரண்டாவதைத் தந்துதவக்கூடியவர் திருகோணமலை நகரிலோ உப்புவெளியிலோ இருந்தால் தயவுசெய்து இங்கேயே எழுதுங்கள். நானே வந்து எடுத்துச் சென்று மறுநாள் காலையில் கொண்டுவந்து தருவேன்.