குரோஷே பழகிய அனுபவம்: முதலில் கண்ணியைப் பார்க்கத் தெரிய வேண்டும்

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கலையான குரோஷேயைக் கற்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பிலேயே தொப்பியோ பொம்மையோ பின்னிவிட ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் தவறேதும் இல்லை. ஆயினும், கையில் இருக்கும் பின்னலைப் பார்த்து, எது ஒரு கண்ணி (பின்னலின் ஓர் அலகு), அடுத்து ஊசி எங்கே நுழைய வேண்டும் என்று சொல்லத் தெரியாதவரை, எதைப் பின்னினாலும் அது குருட்டுப்போக்கில்தான் அமையும் என்பது என் உறுதியான கருத்து. இதை எனக்குப் புரியவைத்தவர் என் அத்தை.

அவர் என்னிடம் 5 மி.மீ. ஊசியையும், வெளிர் நிறத்தில் வழவழப்பாக, நடுத்தரத் தடிமனில் இருந்த ஒரு நூல்கண்டையும் கொடுத்தார். கருநீல நூல் கேட்டபோது மறுத்துவிட்டார். அடர்ந்த நிறத்திலும், இழை இழையாகப் பிரிந்து நிற்கும் நூலிலும் கண்ணியின் உருவம் கண்ணுக்குப் புலப்படாது என்பதை நான் பின்னாளில் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

ஊசியில் நூலை மாட்டும் சுருக்கு முடிச்சும், வளையத்துக்குள் வளையமாக நூலை இழுத்துப் போடும் சங்கிலியும் ஒரே அமர்வில் வந்துவிடும். கை தளர்வதற்குத்தான் நாளாகும். நூலை இடது சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின் மேலாகக் கொண்டுவந்து, முடிச்சின் அடியைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நூல் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்பதைச் சுண்டுவிரல்தான் தீர்மானிக்கிறது. "வளையத்தை ஊசியின் கழுத்திலேயே விடாதே, தண்டுக்குத் தள்ளு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பல ஊசிகளில் கொக்கியை ஒட்டிய கழுத்துப் பகுதி குறுகலாக இருக்கும். ஊசியின் முழு அளவு தண்டில்தான் இருக்கிறது. கழுத்தில் உருவாகும் வளையம் சிறுத்துப்போய், அடுத்த வரிசையில் ஊசி நுழைய இடமே தராது. இவ்வளவு செய்தும் சங்கிலி இறுகினால், அடிச்சங்கிலியை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியில் போட்டுக்கொள்வது நல்ல வழி.

அதன்பின் அவர் என்னைப் பின்னவிடாமல் பார்க்கச் செய்தார். சங்கிலியின் முன்புறம் சடைபோல் தெரியும்; பின்புறத்தில் சிறு சிறு மேடுகள் வரிசையாக இருக்கும். எண்ணும்போது ஊசியின் மேல் இருக்கும் வளையமும் சுருக்கு முடிச்சும் கணக்கில் சேராது.

ஓரங்கள் உள்வாங்கிக்கொண்டே போவது புதியவர்களை மிகவும் சோர்வடையச் செய்கிறது. நான் சொல்லிக்கொடுத்த தோழி ஒருத்தி சதுரமாகத் தொடங்கியது வரிசைக்கு வரிசை குறுகி முக்கோணமாகிவிட்டது. தனக்குக் கைராசி இல்லை என்றே அவள் முடிவுகட்டியிருந்தாள். பின்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணி ஓரமாகச் சாய்ந்து மறைந்திருந்தது, அவள் அதைத் தாண்டித் திரும்பியிருந்தாள். ஒரு வரிசையில் 20 கண்ணிகள் வேண்டுமென்றால் 21 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்க வேண்டும். வரிசை முடிந்ததும் 1 சங்கிலி போட்டுத் திருப்பி, முதல் கண்ணியிலேயே ஊசியை நுழைக்க வேண்டும். இது அமெரிக்க வழக்கில் சிங்கிள் குரோஷே எனப்படும் குட்டைக் கண்ணிக்கான கணக்கு. அதைவிட உயரமான டபுள் குரோஷேயில் திருப்பத்தில் போடும் 3 சங்கிலியையே பெரும்பாலும் ஒரு கண்ணியாகக் கொள்வதால், அடுத்த வரிசையின் முடிவில் அதன் உச்சியிலும் ஒரு கண்ணி போட்டாக வேண்டும். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு ஊக்கைக் குத்தி அடையாளம் வைத்ததும் அவளுடைய ஓரங்கள் நேராகிவிட்டன.

பிரிப்பதற்கு அஞ்சத் தேவையில்லை என்பதையும் அவளிடம் சொன்னேன். வழக்கமான குரோஷேயில் ஊசியில் நிற்பது ஒரே ஒரு வளையம்தான். ஊசியை உருவிவிட்டு, தவறிய இடம்வரை நூலை இழுத்து, அங்கே நிற்கும் வளையத்தில் மறுபடி ஊசியை மாட்டினால் போதும். இடக்கைப் பழக்கமுள்ள ஒருவருக்குச் சொல்லித்தந்தபோது பக்கத்தில் அமராமல் எதிரே அமர்ந்தேன். என் கையசைவு அவருக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் தெரிந்ததால் வெகு எளிதாகப் பற்றிக்கொண்டார்.

கண்ணி கண்ணுக்குப் பழகியபின் வட்டப் பின்னலுக்குப் போகலாம். சிங்கிள் குரோஷேயில் 6 கண்ணிகளில் தொடங்கி, சுற்றுக்கு 6 வீதம் கூட்டி 12, 18, 24 என்று வளர்த்தால் வட்டம் தட்டையாக விரியும். விளிம்பு கிண்ணம்போல் எழும்பினால் கூட்டியது போதவில்லை. அலையலையாக நெளிந்தால் கூடிவிட்டது. அந்த நிலையில் குறிப்பைப் புரட்டுவதற்கு முன், கடைசிச் சுற்றை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பாருங்கள்.