நினைவிலிருந்து எழுதிய ஊர்

பெரியப்பா: இன்று நவம்பர் 16. சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் 1916-இல் மைசூரில் பிறந்த நாள். நம் வீட்டுப் பெண் இந்த ஆண்டு முதுகலையில் சமூகவியல் எடுத்திருக்கும்போது, அவரைப் பற்றிப் பேசாமல் இந்த நாளைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. பம்பாயில் சமூகவியல் பேராசிரியர் குர்யேவிடம் பயின்று, ஆக்ஸ்போர்டில் ஆசிரியப் பணியும் பெற்றவர், அதை விட்டுவிட்டு 1951-இல் பரோடாவுக்கு வந்து சமூகவியல் துறையை உருவாக்கினார். 1959-இல் டெல்லியிலும் அதையே செய்தார்.

தங்கை: குடகர்களைப் பற்றி 1952-இல் வந்த அவருடைய நூலிலிருந்து 'சமஸ்கிருதமயமாக்கல்' என்ற கருத்தை வகுப்பில் படித்தோம், பெரியப்பா. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள், மேலே உள்ளவர்களின் உணவு, சடங்கு, பழக்கவழக்கங்களை மேற்கொண்டு தங்கள் நிலையை உயர்த்திக்கொள்ள முயல்வது என்று குறிப்பெடுத்திருக்கிறேன். தேர்வுக்காக அந்த வரையறையை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

பெரியப்பா: வரையறை பிறகு இருக்கட்டும், அம்மா. மனிதரை முதலில் தெரிந்துகொள். 1948-இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில், ஊர்த் தலைவரின் மாடுகள் கட்டியிருந்த வீட்டிலேயே தங்கி, யார் யாரிடம் கடன் வாங்கினார், எவர் வீட்டுச் சண்டையை யார் தீர்த்தார் என்று மாதக்கணக்கில் குறித்தார். அந்த ஊருக்கு ராம்புரா என்று புனைபெயர் வைத்தார். பதினெட்டு ஆண்டுகளாக ஒழுங்குபடுத்திய அந்தக் குறிப்புகளின் மூன்று படிகளும், 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், அவர் ஆய்வு செய்துகொண்டிருந்த மையத்துக்கு யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின.

அண்ணன்: மூன்று படிகளும் ஒரே இடத்திலா இருந்தன, பெரியப்பா? கேட்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

பெரியப்பா: ஆம், மூன்றும் அவருடைய அறையில்தான் இருந்தன. மானிடவியலாளர் சோல் டாக்ஸ், நினைவிலிருந்தே எழுதும்படி அவரை ஊக்கப்படுத்தினார். அப்படி எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது. ஊர்த் தலைவர் பேசும் தோரணை வரை அதில் உயிரோடு இருக்கிறது. ஓர் ஊரோடு அத்தனை நெருங்கிப் பழகியவரால்தான் அப்படி எழுத முடியும்.

அத்தை: அண்ணா, அவர் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் பிராமணராகவும் தலைவரின் விருந்தினராகவும் இருந்தவருக்குச் சேரியிலும் பெண்கள் புழங்கும் அடுப்படியிலும் என்ன பேசினார்கள் என்பது எவ்வளவு எட்டியிருக்கும்? மேலே உள்ளவர்களைப் போல ஆவதற்கு மறுத்து, அந்த அடுக்கே வேண்டாம் என்று எழுந்த மண் நம்முடையது. அந்தச் 'சமஸ்கிருதமயமாக்கல்' கருத்து இங்கே பாதியைத்தான் விளக்கும்.

பெரியப்பா: நியாயமான கேள்வி, தங்கச்சி. தாம் இருந்த இடம் தம் பார்வையைக் கட்டுப்படுத்தியதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இன்னொன்றையும் பார். சடங்கில் உயர்ந்த சாதியே ஊரை ஆள்கிறது என்ற ஏட்டு நம்பிக்கையைத் ராம்புராவின் உழவர் சாதியான ஒக்கலிகர்களைக் காட்டி உடைத்தவரும் அவர்தான். நிலமும் எண்ணிக்கையும் எவரிடம் இருக்கிறதோ அவரிடமே ஊர் இருக்கிறது என்பதுதான் அவருடைய 'ஆதிக்க சாதி'. 'வாக்கு வங்கி' என்ற சொல்லும் 1955-இல் வந்த அவர் கட்டுரையிலிருந்து பரவியதே. ஊர்ப் பெரியவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு விழும் வாக்குகளையே அவர் அப்படிக் குறித்தார்.

அத்தை: அப்படியானால் அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேர்தலுக்கு முந்திய இரவு, பண்ணையார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நம் அப்பா நின்றார். எந்தச் சின்னம் என்று அவர் கேட்கவில்லை, அவர்கள்தான் சொன்னார்கள். அதற்கு ஒரு பெயர் உண்டு என்று இன்றுதான் தெரிகிறது.

தங்கை: அத்தை, இதை நான் எழுதிக்கொள்ளலாமா? சீனிவாஸின் மாணவர் ஆந்த்ரே பெத்தேய், நம் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, அக்கிரகாரத்தின் கையிலிருந்து அதிகாரம் நழுவியதை 1965-இல் நூலாக்கினார் என்று படித்தேன். திண்ணைக்குக் கீழே நின்றவர்களின் பக்கத்திலிருந்து எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது.

அத்தை: ஞாயிற்றுக்கிழமை வா. அப்பாவோடு அன்று நின்ற இன்னும் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களிடமும் அழைத்துப் போகிறேன். குறிப்பேட்டுக்கு மட்டும் இரண்டு படி எடுத்து, ஒன்றை என் வீட்டுப் பீரோவில் வைத்துவிடு.