ஹைகோர்ட் உத்தரவு போட்டும் துறை அசையவில்லை, என்ன செய்வது?

செல்வம்:
ஓய்வூதியப் பலன் கேட்டுப் போட்ட ரிட் மனுவில், ஆணையின் நகல் கிடைத்த 12 வாரத்துக்குள் வழங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு முடிந்து பத்து மாதம் ஆகிறது. கேட்டால் "அப்பீல் போகப்போகிறோம்" என்கிறார்கள். அதுவரை பொறுத்திருக்க வேண்டுமா?

கலைவாணி:
பொறுக்கவே கூடாது சார். 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 20ஆவது பிரிவைப் பாருங்கள்: உத்தரவை நிறைவேற்றாததற்கு அவமதிப்பு மனு போட, துறைக்குக் கொடுத்த கெடு முடிந்ததிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். அதில் உங்களுக்கு மிச்சம் இரண்டே மாதம். வக்கீல் நோட்டீஸும் நினைவூட்டல் கடிதமும் எத்தனை அனுப்பினாலும் அது நீளாது. "ஃபைல் மேலே போயிருக்கு" என்ற பதிலை நம்பியே பலர் இதைக் கோட்டைவிடுகிறார்கள். ஓராண்டுக்குள் மனு தாக்கலாகிவிட்டால் போதும், விசாரணை தாமதமானாலும் பரவாயில்லை. பல்லவ் ஷேத் வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

அப்பீல் போட்டாலே தடை கிடைத்ததாகிவிடாது. இடைக்காலத் தடை வாங்காதவரை உத்தரவு அப்படியே நிற்கிறது.

ராமநாதன்:
12 வாரம் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதில்தான் அரசுத் தரப்பு முதலில் கை வைக்கும். சான்றிட்ட நகலைத் துறைக்கு அனுப்பிய அஞ்சல் ரசீது, ஒப்புகை இரண்டையும் மனுவோடு சேருங்கள்.

உத்தரவின் வாசகத்தையும் ஒருமுறை படியுங்கள். "பரிசீலித்து முடிவெடுக்க" என்று மட்டும் இருந்தால், துறை நிராகரித்து ஒரு கடிதம் கொடுத்தாலே உத்தரவை நிறைவேற்றியதாகிவிடும். அந்தக் கடிதத்தை எதிர்த்துப் புதிய ரிட்தான் போட வேண்டும். மனுதாரரை மறுபடி முதல் படியில் நிறுத்தும் அநியாயம் இது. அதனால் ரிட் போடும்போதே "வழங்க உத்தரவிட வேண்டும்" என்று கேட்பது முக்கியம்.

செல்வம்:
"வழங்க வேண்டும்" என்றுதான் இருக்கிறது. ஆனால் அதிகாரி மாற்றலாகிவிட்டார்.

கலைவாணி:
அவமதிப்பு மனுவில் பதவிப் பெயர் மட்டும் போதாது, ஆளின் பெயரும் வேண்டும். கெடு முடிந்தபின் அந்தப் பொறுப்பில் யார் யார் எந்தத் தேதிவரை இருந்தார்கள் என்று ஆர்டிஐயில் கேளுங்கள். அந்தப் பதிலுக்கே 30 நாள் பிடிக்கும், இன்றே அனுப்புங்கள்.

ராமநாதன்:
இந்தச் சட்டத்தில் உள்ள தண்டனை ஆறு மாதம்வரை வெறுங்காவல் (கடின உழைப்பில்லாத சிறை), அல்லது 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பெரும்பாலும் மன்னிப்பு கேட்டு, பணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்வார்கள். எப்போதும் அப்படி முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவை மீறிக் குண்டூரில் குடிசைகளை இடித்த அதிகாரியை, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் துணை ஆட்சியரிலிருந்து தாசில்தாராகப் பதவியிறக்கி, அந்த 2,000 ரூபாய் வரம்பையும் தாண்டி ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது.

உத்தரவில் இல்லாத வட்டியை இந்த மனுவில் கேட்காதீர்கள். அவமதிப்பு விசாரணையில் புதிய நிவாரணம் சேர்க்க முடியாது.